தட்டு முன்னால் இருக்கும் வரை

1

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன்.

இதை எழுத்தில் கொடுக்க வேண்டிய நிலைமை வரும் என்று நினைத்ததில்லை. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்க ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து என் தங்கச்சி புருஷன் ரவி போன் பண்ணினான்.

"அலோ, யாரு பேசறது?"

"நான்தான் மச்சான், சேகர்."

"எந்த சேகரு?"

"என் நம்பருக்குப் போன் போட்டுட்டு எந்த சேகருன்னா இன்னா அர்த்தம்?"

"அதில்ல மச்சான். உன்னைக் கடல் இழுத்துனு பூட்ச்சின்னு இங்க ஊரே சொல்லிகினு கீது. அதான், யாரு எடுக்கறாங்கோன்னு பாக்கலாம்னு போட்டேன்."

பின்னால் என் தங்கச்சி அழுகிற சத்தம் கேட்டது. "அண்ணன்தான் பேசறாரு, நிறுத்து" என்று ரவி அதட்ட, அழுகை குழாயை மூடினமாதிரி நின்றது. அப்புறம் ரவி கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னான்: "நான் வேற நாளைக்கு வேலைக்கு லீவு சொல்ட்டேன் மச்சான்."

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயந்திரம் என் மகள் கீர்த்தி ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். தலை முதல் கால் வரை கறுப்புச் சேறு பூசி, கண் மட்டும் வெள்ளையாகத் தெரிய நான் புல்லில் மல்லாந்து கிடக்கிறேன். கீழே, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் பொம்மை ஒன்று. எங்க பெரியம்மாவுக்குக் கண்ணீர் மட்டும் தெரிந்திருக்கிறது. மீதியை எங்க குப்பம் பார்த்துக்கொண்டது.

ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை ஓடுவதாகக் கேள்வி. ஒன்றில் சுறா வருகிறதாம். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில் எங்க குப்பம். என் நைனா இரண்டு தண்ணியிலும் தொழில் பார்த்தவர். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்க பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் படகில் ஏற்றிப் பார்த்தார். நான் வாந்தி எடுத்தேன். வலை பின்ன உட்கார வைத்தார்; வலையோடு சேர்ந்து என் சட்டைப் பொத்தானையும் பின்னினேன். "இவன் படிக்கட்டும், அதான் நம்ம படகுக்கு நல்லது" என்று பொன்னேரி காலேஜுக்கு அனுப்பினார். பொன்னேரியில் லோக்கல் ரயில் ஏறியவன் சென்னையில் இறங்கி, அங்கே விமானம் ஏறி, நெதர்லாந்தில் வந்து நின்றேன். பதினாலு வருஷம் ஆகிறது. உறைய வைத்த மீன் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற ஒரு மென்பொருளைப் பராமரிக்கிறேன். நைனாவிடம் 'மீன் லைன்லதான் இருக்கேன்' என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை.

இங்கே வந்த புதிதில் எங்க நகராட்சி அலுவலகத்தில் பிறந்த ஊரைப் பதிவு செய்யப் போனேன். பழவேற்காடு என்றேன். அங்கே இருந்த அம்மா கணினியில் தேடிவிட்டு, அப்படி ஓர் ஊர் பட்டியலில் இல்லை, ஊர் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். "உங்க ஆட்கள்தான் நானூறு வருஷம் முன்னால் அங்கே வந்து கோட்டை கட்டினார்கள். பாதிப் பேர் இன்னும் அங்கேதான் கல்லறையில் படுத்திருக்கிறார்கள், வேணும்னா விசாரித்துப் பாருங்க" என்று எனக்கு அப்போது தெரிந்த டச்சு மொழியில் சொன்னேன். நான் சொன்னது அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றார். கடைசியில் பிறந்த இடம்: சென்னை.

அப்புறம் குடியுரிமைத் தேர்வு. குப்பையை எப்படிப் பிரிப்பது, பிறந்தநாள் வீட்டில் பிறந்தவருக்கு மட்டுமில்லாமல் அவருடைய மாமியாருக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்வது, முன்கூட்டிச் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்கதவைத் தட்டாமல் இருப்பது, எல்லாம் படித்துத் தேறினேன். இந்த நாட்டில் நிறைய நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பதற்கும் சரி என்று குறித்து மதிப்பெண் வாங்கினேன். இந்தத் தகவல் கடலுக்கும் தெரியும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

3

என் மனைவி செல்வி பொன்னேரிக்காரி. கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரின் மகள். சின்ன வயசிலிருந்து வக்கீல்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு வியாழக்கிழமை செல்வி சொன்னாள்: "இந்த ஊர்ல நாம இன்னா பாத்தோம்? ஊர்லேர்ந்து விருந்தாளி வந்தா காத்தாடி ஆலை, பூத்தோட்டம். அவங்க போனா சூப்பர் மார்க்கெட்டு. ஒரு சனிக்கிழமையாவது வயக்காடு, ஆடு மாடுன்னு கிராமத்துப் பக்கம் போலாம்ங்க."

வரைபடத்தைத் திறந்தேன். நாட்டின் வடக்கு ஓரத்தில், கரைக்கும் சில தீவுகளுக்கும் நடுவில், வெளிறின நீலத்தில் ஓர் அகலமான தண்ணீர். ஆழமில்லாத தண்ணீரைத்தான் அந்த நிறத்தில் போடுவார்கள். எங்க ஏரியும் வரைபடத்தில் அதே நீலம்தான். நான் தண்ணியில் இறங்கினது அந்த நீலத்தைப் பார்த்தபோதே என்று நினைக்கிறேன். கால் நனைந்தது அப்புறம்தான்.

கீர்த்திக்குப் பதினேழு வயசு. எங்களோடு வெளியே வருவது அவளுக்கு வரிப் படிவம் நிரப்புவதுமாதிரி. தமிழில் நான் கேட்டால் டச்சில் பதில் வரும். ஊருக்குப் போகலாம் என்றால் "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்பாள். அதற்கு என்னிடம் ஜோக் மட்டும்தான் உண்டு. ஜோக் சொல்வேன், கதவைச் சாத்திக்கொள்வாள். இந்தத் தடவை பேரம் பேசினாள்.

"நான் வந்தா, அடுத்த வாரம் ஃப்ரெண்டு வீட்டுல ஒரு ராத்திரி தங்க விடணும்."

"ஞாயித்துக்கிழமை மத்தியானச் சோத்துக்கு வீட்டுல இருக்கணும்."

"சரி."

"போன் ஆன்ல இருக்கணும்."

"சரிப்பா."

ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி டிரைவர் காகிதங்களை நீட்டுகிற முகபாவத்தோடு காரில் ஏறினாள்.

4

இரண்டு மணி நேரம் வடக்கே போனோம். நேர்கோட்டில் வாய்க்கால், நேர்கோட்டில் மரம், நேர்கோட்டில் மாடு. அப்புறம் ரோடு முடிந்து, புல் போர்த்தின பெரிய கடல் அணை. அதன் மேல் ஏறினால் ஆடுகள், ஆட்டுப் புழுக்கை, அந்தப் பக்கம் வானம் வரைக்கும் சேறு. தண்ணி வடிந்திருந்தது. சாம்பல் நிறத்தில் பளபளவென்று, அங்கங்கே கணுக்கால் அளவு குட்டைகள், நடுவில் ஒரு சின்ன ஓடை, அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு.

 அந்த வாடை. சேறும் உப்பும் அழுகின பாசியும் கலந்த வாடை. இந்த நாட்டில் முதல் தடவையாக எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒன்று.

அணை மேல் ஒரு பலகை. தண்ணி ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம், தூரம் போகிறவர்கள் வழிகாட்டியோடு போகவும் என்று தெளிவாக எழுதியிருந்தது. முழுசாகப் படித்தேன். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இல்லை. படித்துவிட்டு, விரலை நாக்கில் தொட்டு மேலே தூக்கிக் காற்றைப் பார்த்தேன்.

இங்கேதான் எங்க ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்க ஏரியிலும் ஏற்ற இறக்கம் உண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் எங்க குப்பத்துப் பக்கம் அது ஒரு சாணுக்கு மேல் போகாது. தண்ணியை நகர்த்துகிற பெரிய ஆள் காற்றுதான். கடலிலிருந்து அடித்தால் ஏரி ஏறும், கரையிலிருந்து அடித்தால் இறங்கும். நைனா காலையில் வாசலில் நின்று காற்றைப் பார்த்துத்தான் பல்லே துலக்குவார். எங்களில் யாரும் தண்ணியைக் கடிகாரத்தில் பார்த்ததில்லை.

அன்றைக்குக் காற்று கரையிலிருந்து அடித்தது. பலமாகவே.

"வழிகாட்டி எதுக்குங்க போட்டிருக்கான்?" என்று செல்வி கேட்டாள்.

"அது இவங்களுக்கு. நாம பழவேற்காடு" என்றேன்.

செல்வி புழுக்கை இல்லாத இடமாகத் தேடிப் பாயை விரித்தாள். நான் செருப்பைக் கழற்றி, நனையக் கூடாது என்று போனைச் செருப்புக்குள் வைத்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். ஆச்சரியம், கீர்த்தியும் ஷூவோடு பின்னாலேயே வந்தாள். அணை மேல் அவள் போனில் சிக்னல் இல்லை, அம்மா போனில் மட்டும்தான் இருந்தது; அதனாலாக இருக்கலாம்.

"காலைத் தூக்கித் தூக்கி வெக்காதே. இழுத்து இழுத்து நட. கீழ திருக்கை இருந்தா அதுவே ஒதுங்கிப் பூடும்."

"இங்க திருக்கை இருக்கா?"

"இல்லாட்டி இன்னா, ஒரு மரியாதை."

சிரித்தாள். எத்தனை மாசத்துக்கு அப்புறம் என்று எனக்கே தெரியவில்லை. அது போதும், நான் ஓடையைத் தாண்டிவிட்டேன். கணுக்கால் நனைந்தது, அவ்வளவுதான். திட்டுக்குப் போய், ஒரு குட்டையில் உட்கார்ந்து, கையைச் சேற்றுக்குள் விட்டுத் தடவிக் காட்டினேன். எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் ஒரு நண்டு கிடைத்தது. அதாவது, நண்டுக்கு என் சுண்டுவிரல் கிடைத்தது. நான் குதித்த குதியில் கீர்த்தி உட்கார்ந்தே விட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அதற்கப்புறம் அவளும் கையை விட்டுத் தடவினாள். சிப்பி எடுத்தாள். புழு எடுத்தாள். திட்டின் அந்தப் பக்கம் வரை போய்விட்டோம்.

அணையில் செல்வி கையை ஆட்டுவது தெரிந்தது. பக்கத்தில் நாயோடு ஒரு பெரியவர். சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நானும் கையை ஆட்டினேன். கீர்த்தியின் போன் அடித்தது. திட்டில் அதற்குச் சிக்னல் இருந்தது.

"அம்மாதான்ப்பா. தண்ணி வருதாம். அங்க நாயோட ஒருத்தர் சொல்றாராம். உடனே வரணுமாம்."

"காத்து கரையிலேர்ந்து அடிக்குதுன்னு சொல்லு. எப்பிடி வரும்? உங்கம்மா பொன்னேரி. கேஸுன்னா அவங்களைக் கேக்கலாம், தண்ணியைப் பத்தி நம்மளைத்தான் கேக்கணும்."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

ஓடை இருந்த இடத்தில் ஆறு இருந்தது.

5

இந்தப் பகுதியில் ஜோக் இல்லை.

தண்ணி முன்னால் வரவில்லை. நாங்கள் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, அது ஓடை வழியாகச் சத்தமில்லாமல் சுற்றி வந்து எங்களுக்கும் கரைக்கும் நடுவில் நிறைந்துகொண்டிருந்தது. காற்று தண்ணியின் மேல்தோலைக் கடல் பக்கம் தள்ளுகிறது, அடியில் தண்ணி கரைப் பக்கம் போகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தபோது என் மூளை நின்றுவிட்டது.

ஓடினோம். திட்டு முடிந்து சேறு தொடங்குகிற இடத்தில் கீர்த்தியின் கால் இறங்கியது. முட்டி வரைக்கும். இன்னொரு காலை ஊன்றி எடுக்கப் பார்த்தாள், அதுவும் இறங்கியது. "ப்பா" என்றாள். டச்சு இல்லை, வேறு எதுவும் இல்லை, சின்னக் குழந்தையில் கூப்பிட்டதுமாதிரி வெறும் "ப்பா."

இழுத்தேன். இழுக்க இழுக்க நான் இறங்கினேன்.

எங்க ஏரியில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையும் தண்ணிக்குள். என் அம்மாவும் போவாள். கரையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன், என்னால் ஆனது அதுதானே. அவர்கள் யாரும் புதைசேற்றில் நின்று நான் பார்த்ததில்லை. முட்டி போட்டு, உட்கார்ந்து, படுத்தமாதிரி நகர்வார்கள். உடம்பை ஓர் இடத்தில் இறக்க மாட்டார்கள்.

"நிக்காதே. படு."

"என்னது?"

"படுத்துடு கீர்த்தி! குப்புற. கையை விரி. காலை உருவு, ஷூ போனா போட்டும்."

படுத்தாள். நானும் படுத்தேன். பாதத்தைச் சுற்றிச் சேற்றைக் கையால் தோண்டி விட்டேன். ஷூவை உள்ளேயே விட்டுவிட்டு ஒரு கால் வந்தது, அப்புறம் இன்னொன்று. பல்லியைப்போல இருவரும் சேற்றில் ஊர்ந்தோம். போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதைப் பல்லில் கடித்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சேறு, வாயில் அது. அந்த அவசரத்திலும் என் கண் அவள் வாயிலேயே நின்றது. 

ஓடையில் தண்ணி இடுப்புக்கு வந்திருந்தது, இழுப்பும் இருந்தது. ஆனால் அடியில் மணல், கால் நின்றது. அவள் கையை என் இடுப்பு பெல்ட்டில் கோர்த்து, காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தோம். நாய்க்காரப் பெரியவர் நாயின் கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரம் வரை இறங்கி நின்றார். தேவைப்படவில்லை. கரை ஏறினோம்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "நல்ல வார இறுதியாக அமையட்டும்" என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் புல்லில் மல்லாந்து விழுந்தேன். நீங்கள் பார்த்த போட்டோ அப்போது எடுத்தது. என் மகள் சிரித்துக்கொண்டே எடுத்தாள். ஒரு பக்கம் ஆடு நின்று என்னைப் பார்த்தது. அவள் இரண்டு காலும் எனக்குப் பக்கத்தில் இருந்தன, வெறும் காலாக, பத்து விரலோடு. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் படுத்ததில்லை, ஆட்டுப் புழுக்கை மேல் படுத்திருந்தும்.

6

செல்வி ஒன்றும் சொல்லவில்லை.

கீர்த்தியைத் துண்டால் துடைத்தாள். கார் போர்வையை எடுத்துப் போர்த்தினாள். என் கைக்குத் தண்ணி ஊற்றினாள். பாயில் உட்கார வைத்துத் தட்டைப் போட்டு, புளிச்சோறும் வறுத்த கானாங்கெளுத்தியும் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. ஒழுங்காக, முள் இல்லாத பக்கமாகப் பார்த்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். திட்டு மூழ்கியிருந்தது. நாங்கள் நண்டு பிடித்த இடம் எது என்று தெரியவில்லை.

 இது எனக்குத் தெரியும்.

எங்க குப்பத்தில் ஒரு வழக்கம். தொழிலுக்குப் போனவன் நேரம் தப்பி வந்தால், வந்தவுடன் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. எங்கே போனாய், ஏன் லேட்டு, எங்க உயிர் போய் உயிர் வந்தது, எதுவும். முதலில் சோறு. தட்டு முன்னால் இருக்கும் வரை அவனை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கை கழுவினான் என்றால் தொலைந்தான். தெருவே கேட்கிறமாதிரி விழும். எங்கள் கல்யாணமான வருஷம், ஒரு மழை நாளில் நைனா படகு வராமல் எல்லோரும் கரையில் நின்றோம். கடைசியில் வந்தார். அம்மா வாயைத் திறக்காமல் சோறு போட்டாள். நைனாவும் விவரமான ஆள், மூன்று தடவை குழம்பு கேட்டார். ஊறுகாய் கேட்டார். என்றைக்கும் கேட்காத அப்பளத்தையும் கேட்டார். கை கழுவின சத்தம் கேட்டதும் அம்மா ஆரம்பித்தாள்.

செல்வி அப்போது வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. மூலையில் நின்றுகொண்டிருந்தாள். மீன் கழுவத் தெரியாத பொன்னேரிப் பெண் என்று எல்லோரும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த நேரம். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசினதில்லை. பார்த்து வைத்திருக்கிறாள்.

"ப்பா" என்று கீர்த்தி என் காதில் கிசுகிசுத்தாள். "அம்மா ஏன் கத்தல?"

"நாம சாப்பிடறோம்ல."

"அதனால?"

வழக்கத்தைச் சொன்னேன். கண்ணை அகலமாக்கிக் கேட்டாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள், டிபன் பாக்ஸில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள்.

"மெதுவா சாப்பிடுப்பா" என்றாள்.

"நீயும்."

மீனை ஓர் ஆராய்ச்சியாளன்மாதிரி பிரித்தேன். கீர்த்தி புளிச்சோற்றை ஒவ்வொரு பருக்கையாக எடுத்தாள். அவளுக்குப் புளிச்சோறு பிடிக்காது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டாள். நான் தயிர்ச்சோறு இருக்கா என்றேன். இருந்தது. செல்வி போட்டாள். வாழைப்பழம் இருக்கா என்றேன். அதுவும் இருந்தது. உரித்துக் கொடுத்தாள், கடலைப் பார்த்துக்கொண்டே. தண்ணி அணையின் கல்லைத் தொட்டு, அங்கேயே நின்று, மெள்ள வடியவும் ஆரம்பித்தது. அதுவரை சாப்பிட்டோம். ஆனால் மனுஷ வயிறு எவ்வளவுதான் தாங்கும்.

கை கழுவினேன்.

7

கார் கதவுகள் மூடிக்கொண்டன. தப்பிக்க வழியில்லாத இடம் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்.

"பலகைல எழுதியிருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"படிச்சீங்களா, இல்லியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு இன்னா நெனச்சீங்க?"

"காத்து கரையிலேர்ந்து..."

"காத்தைப் பத்தி நான் கேக்கலீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கூட வந்தது யாரு?"

"கீர்த்தி."

"யாரு பொண்ணு?"

"என் பொண்ணு."

"வேற யாரு பொண்ணு?"

"உன் பொண்ணு."

"அப்போ என் பொண்ணைக் கேட்டுட்டா கூட்டினு போனீங்க அந்தச் சேத்துக்கு?"

இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன், சாப்பிட ஏதாவது வாங்கலாமா என்று. "இறங்கினா நடந்துதான் வரணும்" என்றாள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் குரல் உடைந்தது. "நான் கை ஆட்டினு நிக்கறேன், நீங்க திருப்பி டாட்டா காட்டறீங்க" என்று சொல்லி அழுதாள். பின் சீட்டிலிருந்து கீர்த்தி கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.  எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ரவி போனுக்கு அப்புறம் நைனாவைக் கூப்பிட்டேன். வதந்தி அவருக்கும் போயிருந்தது. அவர் நம்பவில்லையாம். "படகுலயே நிக்காதவன் எப்படி முழுவுவான்?" என்றாராம். நடந்ததை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"காத்து எங்கேர்ந்து அடிச்சிது?"

"கரையிலேர்ந்து நைனா."

"நல்லாப் பாத்தியா?"

"விரலை நனைச்சுப் பாத்தேன்."

 

"அப்போ தண்ணி எப்படிடா வரும்?" என்றார்.

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. போனை ஸ்பீக்கரில் போட்டுச் செல்வி கையில் கொடுத்து, நைனாவைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். "அது தண்ணி கோளாறு செல்விம்மா, பையன் மேல தப்பு இல்ல" என்று நைனா தீர்ப்பே சொல்லிவிட்டார். செல்வி மேல்முறையீடு செய்யவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள். கேட்டது.

8

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஒப்பந்தப்படி, ஃப்ரெண்டு வீட்டில் தங்கப் போயிருந்த கீர்த்தி மத்தியானச் சோத்துக்கு வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு மணி, ஆளைக் காணோம். இரண்டு மணிக்குப் போன் போட்டேன், அணைந்திருந்தது. ரயில் நிலையம் வரை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வருகிற வழியில் எனக்குத் தெரிந்த கெட்டது எல்லாம் வரிசையாக நடந்து முடிந்தது. செல்வி ஜன்னலோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "வந்துடுவா" என்றாள். போன வாரம் அணையில் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உண்மையில் புரிந்தது. கை ஆட்டியும் ஆள் வராமல் நிற்பது.

நான்கு மணி தாண்டிக் கதவு திறந்தது.

நான் தயாராக இருந்தேன். தமிழில் பாதி, டச்சில் பாதி. பொறுப்பு, நம்பிக்கை, சார்ஜர் என்று தலைப்பு வாரியாக வைத்திருந்தேன். எழுந்து நின்று வாயைத் திறந்தேன்.

கீர்த்தி என்னைப் பார்க்கவில்லை. பையை இறக்கினாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, அதற்கு முன்னால் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ம்மா, சோறு."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன். சட்டம் சட்டம்தான். நான் உட்கார்ந்தேன், வாயை மூடிக்கொண்டு.

செல்வி சோறு போட்டாள். கீர்த்தி பிசைந்து, உருட்டி, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். பொரியல் கேட்டாள். ஊறுகாய் கேட்டாள். எங்க வீட்டில் அப்பளம் இருக்கிறதா என்று தமிழில், முழு வாக்கியமாக, அழகாகக் கேட்டாள். கண் ஓரத்தில் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். அப்பளம் கேட்கும்போது நைனா வைத்திருந்த முகம். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது என்று சொன்னாள் இல்லையா.

ஒரு வழியாகத் தட்டு காலியானது. எழுந்து போய்க் கை கழுவினாள். நிதானமாக, சோப்பு போட்டு. துண்டில் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பயம் இருந்தது, மறைக்கவில்லை.

"சரிப்பா. இப்போ ஆரம்பி."

தலைப்பு வாரியாக வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள், எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், காதோரம் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான் தெரிந்தது.

"ரசம் கொஞ்சம் மிச்சம் கீதுடி" என்றேன். "போட்டுக்கோ."